வீட்டுத் தண்ணீர் லைன் மாற்ற: மினி ஜேசிபியா, கடப்பாரையா? அப்புறம் எந்தப் பைப்?

தெருக் குழாயிலிருந்து சம்ப் என்கிற தரையடித் தொட்டி வரைக்கும் மண்ணுக்குள் போகிற லைனை மாற்ற வேண்டி வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தப் பைப் நல்லது" என்றுதான். எங்கள் வீட்டு வேலையை முடித்த அனுபவத்தில் சொல்கிறேன், முதலில் மண்ணைப் பாருங்கள். எப்படித் தோண்டுவது, எதைப் புதைப்பது என்ற இரண்டுக்கும் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் வீடு கோவை சூலூர் பக்கம், கரிசல் மண். கேட்டிலிருந்து சம்ப் 62 அடி. 30 வருஷத்துக்கு முன் போட்ட ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனில் தண்ணீர் நூலாகத்தான் வந்துகொண்டிருந்தது. அறுத்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு இஞ்ச் பைப்புக்குள் துரு கட்டிகட்டியாக ஏறி, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி. வெளிப்பக்கம் இரண்டு இடத்தில் ஊசித் துளை. அந்தத் துளைதான் பயமுறுத்தியது. நல்ல தண்ணி தினமும் வராத ஊர்களில் தண்ணீர் நிற்கிற நேரத்தில் லைனுக்குள் அழுத்தம் இருக்காது, அப்போது சுற்றியுள்ள சேற்றுத் தண்ணீர் அந்தத் துளை வழியாகவே உள்ளே இறங்கும். பக்கத்தில் சாக்கடையும் ஓடினால் குழந்தைகள் குடிப்பது என்ன தண்ணீர் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, தோண்டுவது. மினி ஜேசிபி வண்டிக்கு எங்களிடம் மணிக்கு 1,100 ரூபாய், குறைந்தது 3 மணி நேரம் என்றார்கள். ஆள் என்றால் இரண்டு பேர், ஒன்றரை நாள், 3,000 ரூபாய். பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வண்டி 62 அடியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும், ஆனால் கேட் அகலம் வேண்டும், வேப்ப மரத்து வேரைப் பிய்த்துவிடும், மண்ணுக்குள் கிடக்கும் கரண்ட் கேபிளோ செப்டிக் டேங்க் பைப்போ வாளியில் மாட்டி அறுந்த பிறகுதான் தெரியும். வண்டி தோண்டிய பள்ளத்தின் அடி மேடும் குழியுமாக இருக்கும், அதையும் ஆள் இறங்கித்தான் சமன் செய்ய வேண்டும். காலி மனை, நீளமான தோட்டம், சுக்கான் பாறை என்றால் தயங்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள். கட்டின வீட்டு வாசலுக்கு என் ஓட்டு கடப்பாரைக்குத்தான்.

எங்களுக்குத் தோண்ட வந்த பெரியவர் முதல் நாள் வந்து பார்த்ததுமே, "சுண்ணாம்புல கோடு போட்டு இன்னிக்குச் சாயந்தரமே தண்ணி விட்டுருங்க தம்பி, காலைல கடப்பாரை இறங்கும்" என்றார். காய்ந்த கரிசல் கல் மாதிரி, சொதசொதவென்று நனைந்தால் மண்வெட்டியை விடாது, ராத்திரி முழுக்க ஊறி மேலே லேசாக உலர்ந்த பதம்தான் சரி. மறுநாள் ஒரு இடத்தில் கடப்பாரைச் சத்தம் மாறியதும் கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார், உள்ளே பழைய மோட்டார் கேபிள்! கடற்கரைப் பக்கத்து மணல் என்றால் கதையே வேறு, தோண்டத் தோண்டப் பக்கவாட்டு மண் சரியும், அங்கே பள்ளத்தை அகலமாக எடுக்க வேண்டியிருக்கும்.

இனி பைப். மறுபடி ஜிஐ வேண்டாம், மண்ணுக்குள் அதே துருதான் திரும்ப வரும். சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப் சுடுதண்ணீர் லைனுக்கு, இங்கே தேவையே இல்லை. உண்மையான போட்டி யுபிவிசி என்கிற விறைப்பான பிளாஸ்டிக் பைப்புக்கும் ஹெச்டிபிஇ என்கிற கருப்புப் பைப்புக்கும்தான்.

யுபிவிசி எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்தப் பிளம்பரும் ஒட்டுவார், நாளைக்கு உடைந்தாலும் அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம். செம்மண்ணில், நேரான லைனில் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அது 20 அடித் துண்டாக வருகிறது, எங்கள் 62 அடிக்கு மூன்று ஜாயின்ட், திருப்பத்துக்கு எல்போ தனி. கரிசலோ மழையில் ஊதும், வெயிலில் வெடித்துச் சுருங்கும். வருஷா வருஷம் அந்த இழுப்பு விழுவது ஒட்டின ஜாயின்ட்டில்தான்.

கருப்புப் பைப் சுருளாக வருவதால் கேட்டிலிருந்து சம்ப் வரை ஒரே துண்டு, மண்ணுக்குள் ஜாயின்ட்டே கிடையாது. நாங்கள் போட்டது 32 மி.மீ. எங்கள் பக்கம் சொட்டுநீர்க் கடைகளில் கிடைக்கிறது, ஆனால் விவசாயத்துக்கென்று விற்கும் மட்ட ரகத்தைக் குடிதண்ணீருக்கு வாங்காதீர்கள். பைப் மேல் ஐஎஸ் 4984 என்று அச்சும் நீலக் கோடும் இருக்கிறதா பாருங்கள். குறை இல்லாமல் இல்லை. சட்டென்று திருப்ப முடியாது, விட்டத்தைப் போல 25 மடங்கு ஆரம் வேண்டும், 32 மி.மீ.க்கு இரண்டரை அடிக்கு மேல், அதனால் மூலையில் பள்ளத்தை அகலமாக வளைத்தோம். இன்னொன்று, மத்தியான வெயிலில் விறைப்பாக இழுத்து மாட்டினால் குளிர்ந்ததும் சுருங்கும். 20 டிகிரி இறங்கினால் இந்த நீளத்துக்கு 6, 7 செ.மீ. வரை போகும், முனையில் முறுக்கி இறுக்கும் இணைப்பு (கம்ப்ரஷன் ஃபிட்டிங்) பிடி விட்டுவிடும். காலையிலேயே, பாம்பு மாதிரி லேசாக நெளிய விட்டுப் போடுங்கள்.

தோண்டவே வேண்டாம், காம்பவுண்டுச் சுவர் மேலேயே கிளாம்ப் அடித்துவிடலாம் என்றும் ஒரு வழி உண்டு. வாசல் முழுக்க டைல்ஸ் என்றால் அதுவே மேல். யுபிவிசியை மட்டும் வெயிலில் விடாதீர்கள், சில வருஷத்தில் நொறுங்கும்.

எந்தப் பைப்பாக இருந்தாலும் அடியில் 4 இஞ்ச் மணல், மேலேயும் 4 இஞ்ச் மணல், உடைந்த செங்கல் ஒன்றுகூடப் பைப்பைத் தொடக் கூடாது. சாக்கடைக் குழாய்க்கு மேல் மட்டத்தில், தள்ளியே போக வேண்டும். மூடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி வால்வை அடைத்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். பைப் எங்கே போகிறது என்று பின்னால் தெரிய, அளவு டேப்பை விரித்து வைத்து போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், இரும்பு தேடும் கருவிக்கு பிளாஸ்டிக் பைப் அகப்படாது.

இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: பழைய வீடுகளில் கரண்ட் எர்த்தை இந்த ஜிஐ லைனோடு கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் போட்ட அன்றைக்கே வீட்டுக்கு எர்த் இல்லாமல் போய்விடும். எங்கள் வீட்டிலும் மோட்டார் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பி நேராக அந்தப் பைப்புக்குப் போயிருந்தது. எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனி எர்த் குழி போட்ட பிறகுதான் பழைய லைனை அறுக்கச் சொன்னேன்.