எட்டு ஸ்பீக்கர், ஒரே ஆம்ப்: படகில் மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

நான்கு சேனல் (தனித்தனி ஸ்பீக்கர் வெளியீடு) உள்ள, படகுக்கென்று செய்த மரைன் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர், ஒலியைப் பெருக்கும் கருவி) ஒன்றை வாங்கி படகில் எட்டு ஸ்பீக்கரை அதில்தான் ஓட்டுகிறேன். ஆம்ப் அருமை, தயங்காமல் வாங்கலாம். கூடவே பெட்டியில் வருகிற வயரிங் கிட் மட்டும் வேண்டவே வேண்டாம். பிராண்டு பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் விஷயங்களை இந்த வகை ஆம்ப் எதை வாங்கினாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் ஆம்ப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. ஹெட் யூனிட்டில், அதாவது பாட்டுப் போடும் ஸ்டீரியோவில், 50 வாட் என்று போட்டிருந்தாலும் ஒரு சேனலுக்குத் தொடர்ந்து கிடைப்பது சுமார் 20 வாட்தான். சுவர் இல்லை, கூரை இல்லை, இன்ஜின் சத்தமும் காற்றும் வேறு, அதில் 20 வாட் காணாமல் போய்விடும். சரி, இன்னும் நான்கு ஸ்பீக்கரை அதே வயரில் சேர்த்துவிடலாம் என்று பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கொடுத்தால் ஸ்பீக்கர்களின் மின்தடை 4 ஓமும் 4 ஓமும் சேர்ந்து 2 ஓம் ஆகிவிடும், பெரும்பாலான ஹெட் யூனிட் அதைத் தாங்காது, சூடாகி நின்று நின்று பாடும். சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) கொடுத்தால் 8 ஓம், ஆபத்து இல்லை, ஆனால் பவர் பாதியாகக் குறையும், இரண்டு ஸ்பீக்கர் சேர்த்தும் சத்தம் கூடாது.

இந்த ஆம்ப் சேனலுக்கு 2 ஓம் வரை தாங்கும் என்று மேனுவலில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள், நிஜமாகவே தாங்குகிறது. ஒரு சேனலுக்கு இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர் பேரலலில், ஆக நான்கு சேனலுக்கு எட்டு. வெயிலில் நீண்ட நேரம் ஓடியும் ஒருமுறைகூட கட் ஆகவில்லை. இரண்டு சேனலை ஒன்றாக்கி பிரிட்ஜ் செய்தால் மட்டும் குறைந்தது 4 ஓம் வேண்டும், இது மேனுவலில் பொடி எழுத்தில் இருக்கிறது, பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டிய விஷயம். ஒரே சேனலில் 4 ஓமையும் 8 ஓமையும் கலக்காதீர்கள், 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு பவரை இழுத்துக்கொள்ளும். படகின் மேல் சட்டத்தில் மாட்டும் டவர் ஸ்பீக்கர் சிலவற்றில் 2 ஓம் இருக்கும், அதில் இரண்டைப் பேரலலில் கொடுத்தால் 1 ஓம், ஆம்ப் போய்விடும்.

எல்லா வயரையும் இழுத்து முடித்ததும் ஆம்பில் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒரு 4 ஓம் ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் சுமார் 3.5 காட்டும், ஜோடியாக இருந்தால் அதில் பாதி. ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் 3.5 காட்டினால் ஒன்று சேரவில்லை என்று அர்த்தம், பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட். இரண்டு நிமிட வேலை, ஆம்பைக் காப்பாற்றும். இன்னொன்று, ஸ்பீக்கர் மைனஸை எல்லாம் சேர்த்துப் படகின் பொது மைனஸில் கொடுக்கவே கூடாது, ஒவ்வொரு சேனலின் இரண்டு வயரும் ஆம்புக்கே திரும்பி வர வேண்டும்.

இனி அந்த கிட். வயரின் இன்சுலேஷனை உரித்துக் கத்தி முனையால் ஒரு இழையைச் சுரண்டினேன், செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. படகுக்கு வேண்டியது வெள்ளீயம் பூசிய செம்பு வயர், அதில் நேர் எதிர்: வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே செம்பு. செம்பு பூசிய அலுமினியம் உப்புக் காற்றில் சீக்கிரம் அரித்துப் பொடியாகும். கிட்டில் உள்ள ஸ்பீக்கர் வயர் 16 கேஜ் வேறு (கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லியது). 6 மீட்டர் தூரம் என்றால் போக வர 12 மீட்டர், நல்ல செம்பாகவே இருந்தாலும் சுமார் 0.16 ஓம். 4 ஓமுக்குப் பரவாயில்லை, 2 ஓமுக்கு அது 8 சதவீதம். நான் 14 கேஜ் மரைன் வயர் போட்டேன், ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தனி வயர், ஜோடி சேர்ப்பது ஆம்ப் பக்கத்தில் டெர்மினல் பிளாக்கில். வயர் கூடுதலாகப் பிடிக்கும்தான், ஆனால் ஒரு ஸ்பீக்கர் மக்கர் செய்தால் தரைப்பலகையைப் பிரிக்காமலே எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஃப்யூஸ் ஹோல்டரை பிளஸ் வயரில் பாட்டரி முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்துத் தந்திருக்கிறார்கள், அதற்குத் தண்ணீர் புகாத மூடியும் இல்லை. உறைக்குள் போகாத வயருக்கு பாட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி சொல்வது, காரணமும் எளிது, ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் உரசி ஷார்ட் ஆனால் அதை நிறுத்த எதுவும் இல்லை. 400 வாட் ஆம்ப் முழு மூச்சில் 40 ஆம்பியர் வரை இழுக்கும், ஷார்ட் ஆனால் பாட்டரியிலிருந்து பாய்வது அதைவிடப் பல மடங்கு, தீப்பிடிக்கப் போதும். இதை மரைன் என்று பெயர் போட்டு விற்பது எனக்குக் கோபம்தான். இணைப்புகளுக்கும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் கிரிம்ப் (அழுத்திப் பொருத்திச் சூடாக்கினால் சுருங்கி மூடிக்கொள்ளும் இணைப்பு) வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் சால்டரிங் மட்டும் செய்தால் படகின் அதிர்வில் சால்டர் முடியும் விளிம்பிலேயே வயர் ஒடியும்.

சத்தம் எப்படி என்றால், வேகமாகப் போகும்போதும் பாடகரின் குரல் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது, இதைத்தான் எதிர்பார்த்தேன். பேஸ் குறைவு. பின்னால் பெட்டி இல்லாத ஆறரை அங்குல ஸ்பீக்கரிடம் அதைக் கேட்பதே தவறு, ஆம்பில் உள்ள, தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் தெளிவு நன்றாகக் கூடுகிறது. மாட்டும்போது ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸை 1.5 வோல்ட் செல்லின் பிளஸ் மைனஸால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், கூம்பு வெளியே தள்ளினால் சரி. ஜோடியில் ஒன்று மாறினாலும் இருக்கிற பேஸும் போய்விடும்.

ஆம்பிலும் குறை இல்லாமல் இல்லை. டெர்மினல் திருகு ரொம்பச் சின்னது, 12 கேஜ் வயரைத் திணிக்க வேண்டியிருக்கும். ஆம்பை ஆன் ஆஃப் செய்யும் ரிமோட் வயரை ஹெட் யூனிட்டின் ரிமோட் முனையில்தான் கொடுக்க வேண்டும், நேராக பாட்டரியில் கொடுத்தால் ஆம்ப் அணையாமல் சார்ஜைக் குடித்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஆவி தேங்கக்கூடிய இன்ஜின் அறையில் இதை வைக்காதீர்கள். சுக்கான் பக்கத்து ஸ்பீக்கரைத் திசைகாட்டியிலிருந்து நன்றாகத் தள்ளிப் பொருத்துங்கள், காந்தம் முள்ளை இழுக்கும்.

ஆறு ஸ்பீக்கர் போதும் என்பவர்கள் இரண்டு சேனலில் ஜோடியாகவும் மற்ற இரண்டில் ஒற்றையாகவும் கொடுக்கலாம். ஒற்றையாக இருப்பது மட்டும் சத்தமாகக் கேட்குமோ என்று பயப்பட வேண்டாம், பேரலலில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போவது அதே வோல்டேஜ்தான், ஜோடி இருக்கும் பக்கம் மொத்தமாகச் சற்றுக் கூடுதலாகக் கேட்டால் கெயினை (ஆம்பில் சேனலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) துளி திருப்பினால் சமமாகிவிடும்.