பனியன் கம்பெனி வேலைக்கு நடுவே ஒரு சமையல் சேனல்: யூடியூப் ஸ்டூடியோ மதிப்புரை

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைப் பின்தொடர்ந்து முடித்துக்கொடுப்பவராக, இருப்பவரின் மாலைப்பொழுது அவர் கையில் இல்லை. சாயப்பட்டறையிலிருந்து துணி ஒரு நாள் தாமதமாக வந்தாலும், பையர் சாம்பிளைத் திருப்பி அனுப்பினாலும், ஷிப்மென்ட் தேதி மட்டும் நகராது. நாம்தான் நகர்ந்துகொடுக்க வேண்டும். அப்படியொரு வேலையில் இருந்துகொண்டே கொங்கு நாட்டுச் சமையலுக்காகச் சிறு சேனல் ஒன்றை நடத்தி வருகிறேன். அதை இடைவெளி விழாமல் கொண்டுபோக எனக்குப் பயன்படும் கருவி என்ற முறையில், சேனல் நடத்துகிறவர்களுக்காக யூடியூபே தரும் நிர்வாகக் கருவியான யூடியூப் ஸ்டூடியோவை, அதிலும் முக்கியமாகக் காணொளியை முன்கூட்டியே ஏற்றித் தேதி குறித்துவைக்கும் ஷெட்யூல் வசதியை, இங்கே மதிப்பிடுகிறேன். இதற்குக் கட்டணம் கிடையாது. கைப்பேசிச் செயலியாகவும் கணினி உலாவியிலும் கிடைக்கிறது.

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எவ்வளவு தொடர்ச்சி உண்மையில் தேவை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தினமும் ஒரு காணொளி போடாவிட்டால் சேனல் படுத்துவிடும் என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் பெருகிவிட்டன. யூடியூப் எழுத்தில் வைத்திருக்கும் விதிகளோ இதைவிட மிகவும் இளகியவை. சேனல் வழியாக வருமானம் பெற உதவும் பார்ட்னர் திட்டத்தின் முதல் படியில் சேர 500 சந்தாதாரர்களும், கடந்த 90 நாட்களில் 3 பொதுக் காணொளிகளும், அவற்றோடு ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வையோ 90 நாட்களில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வைகளோ இருந்தால் போதும். விளம்பர வருமானத்துக்கான அடுத்த படியில் 1,000 சந்தாதாரர்களும் 4,000 மணி நேரமும் கேட்கிறார்கள். திட்டத்தில் சேர்ந்த பிறகு ஆறு மாதமோ அதற்கு மேலோ காணொளியும் பதிவும் இல்லாமல் கிடந்தால்தான் வருமான வசதியை நிறுத்திவைக்கும் உரிமையை அந்நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. 90 நாட்களுக்கு மூன்று என்றால் மாதம் ஒன்று. பார்வையாளர்கள் அதைவிடச் சற்றுக் கூடுதலாக எதிர்பார்ப்பார்கள் என்பது உண்மைதான்; ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கை வேலைக்குப் போகிற எவராலும் காப்பாற்ற முடியும். முடியாமல் போவதற்குக் காரணம், படம்பிடிக்க நேரம் கிடைக்கும் நாளும் வெளியிட வேண்டிய நாளும் ஒன்றாக அமையாததே. ஷெட்யூல் வசதியின் மதிப்பு அந்த இரண்டு நாட்களையும் பிரித்துவைப்பதில் இருக்கிறது.

செயல்முறை எளிது. காணொளியை ஏற்றும்போது கடைசிப் படியில் ‘ஷெட்யூல்’ என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேதியும் நேரமும் கொடுத்துவிட்டால், அதுவரை அது தனிப்பட்டதாக மறைந்திருந்து, குறித்த நேரத்தில் தானாகப் பொதுவுக்கு வருகிறது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளாக அது இருந்தாலும் நமக்குக் கவலையில்லை. இதில் பலர் கவனிக்காத இன்னொரு நன்மையும் உண்டு. ஏற்றிய காணொளி முதலில் குறைந்த தரத்தில்தான் தயாராகும். எச்டி, 4கே தரங்கள் பிறகே வந்து சேரும். ஏற்றிய கையோடு வெளியிடுகிறவரின் முதல் பார்வையாளர்களுக்குக் குழம்பின் நிறம் மங்கலாகத்தான் தெரியும். முதல் நாளே ஏற்றிவைத்தவருக்கு அந்தக் குறை வராது.

இந்த வசதி முழுப் பலனைத் தருவது நோம்பிக் காலங்களில்தான் (பண்டிகையை எங்கள் பக்கத்தில் நோம்பி என்போம்). ஆடி முதல் தேதியில் நம் பக்கத்தில் தேங்காய் சுடும் நோம்பி வருகிறது. அதைச் செய்துபார்க்க விரும்புகிறவர், குறிப்பாகப் பெங்களூருக்கோ சென்னைக்கோ குடிபோன கொங்குக் குடும்பத்துப் பிள்ளை, அதற்கு முந்தைய வாரத்திலேயே தேடத் தொடங்கிவிடுவார். ஆடி ஒன்றாம் தேதி சுட்டு, அன்றிரவு வெட்டி ஒட்டி, மறுநாள் வெளியிட்டால் அந்தக் காணொளியை அடுத்த ஆடி வரை யாரும் சீண்டமாட்டார்கள். ஆகவே ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலேயே காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டு வாசலில் இதைப் படம்பிடித்துவிடுகிறோம். நாரை உரித்த தேங்காயைத் தரையில் வழவழப்பாகும்வரை உரசி, ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்து, வறுத்த பாசிப்பருப்பு, எள், அவல், வெல்லத்தூள் எல்லாவற்றையும் அந்தச் சிறு துளை வழியாகத் திணித்து, வடித்த தண்ணீரிலேயே கொஞ்சம் திரும்ப ஊற்றி, மஞ்சள் பூசிய அழிஞ்சிக் குச்சியால் அடைத்துத் தீயில் காட்ட வேண்டும். ஓடு கருகி விரிசல் விடும் அந்த ஒரு நொடியைக் கேமராவில் பிடிப்பதுதான் சிரமம். “வெடிச்சாத்தான் வெந்துச்சுன்னு அர்த்தம், பார்த்துக்கிட்டே இரு கண்ணு” என்று அம்மாயி சொல்லும் குரலையும் அப்படியே விட்டுவைப்போம். ஆனியில் எதற்கு ஆடித் தேங்காய் என்று அக்கம்பக்கத்தார் சிரித்தாலும், நோம்பிக்கு நாலைந்து நாள் முன்பாகத் தேதி குறித்துவைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போய்விடலாம். தைப்பொங்கலுக்கு முன்பான காப்புக் கட்டுக்கும், பட்டிப் பொங்கலுக்கும் இதே முறைதான்.

நேரத்தை மிச்சம் பிடிக்கும் இன்னொரு அம்சம், கணினியில் திறக்கும் ஸ்டூடியோவின் அமைப்புகளில் இருக்கும் பதிவேற்ற இயல்புநிலை. விளக்கப் பகுதியில் எப்போதும் வரும் வரிகள், குறிச்சொற்கள், மொழி முதலியவற்றை ஒருமுறை நிரப்பிவைத்தால் உலாவி வழியாக ஏற்றும் ஒவ்வொரு காணொளிக்கும் அவை தாமாக வந்து அமர்கின்றன. கணினியில் ஒரே நேரத்தில் 15 காணொளிகள் வரை ஏற்றலாம் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எடுத்த கொள்ளுப் பருப்பு, சந்தகை, கச்சாயம் மூன்றையும் இரவோடிரவாக வரிசையில் நிறுத்திவிட முடிகிறது. தமிழில் தலைப்பு எழுதுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தலைப்பின் வரம்பு 100 எழுத்துகள் என்றாலும் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க்கான துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால், நம் கண்ணுக்கு அறுபது எழுத்தாகத் தெரிவதே வரம்பைத் தொட்டுவிடக்கூடும். ஆகவே பலகாரத்தின் பெயர் முதலில் வரட்டும். ஊர்ப்பெருமை பின்னால் வரலாம்.

பதிவேற்றத்தின் இடையில் வரும் சரிபார்ப்புப் படியையும் நான் உயர்வாகவே மதிப்பேன். சித்திரை, வைகாசியில் மாரியம்மன் கோயில் நோம்பி சாட்டிவிட்டால் ஊர் முழுக்கக் குழாய் ஒலிபெருக்கிதான்; அடுப்படியில் தாளிக்கும் ஓசையோடு சினிமாப் பாட்டும் கலந்து பதிவாகிவிடும். அந்தப் பாட்டுக்குப் பதிப்புரிமை வைத்திருப்பவரிடமிருந்து உரிமைக்கோரல் வருமா என்பதை வெளியிடுவதற்கு முன்பே இந்தப் படி காட்டிக்கொடுக்கிறது. வந்தால் ஸ்டூடியோவின் எடிட்டரிலேயே அந்தப் பகுதியை வெட்டவோ, ஒலியை அடக்கவோ, பாட்டை மாற்றவோ வழியுண்டு. வெளியிடும் தேதிக்கு ஒரு வாரம் மீதமிருக்கும்போது இது சிறு வேலை; வெளியான பிறகு தெரியவந்தால் தலைவலி.

குறை இல்லாமல் இல்லை. செயலியைத் திறந்தவுடன் புதிய காணொளி, கடைசிப் பத்தில் எத்தனையாவது இடம் என்று ஒரு பட்டியல் முகத்தில் அறைகிறது. வெளியாகிச் சில மணி நேரமே ஆன ஒன்றுக்கு ‘10இல் 9’ என்று மதிப்பெண் போடுவது, பகுதி நேரமாகச் சேனல் நடத்துகிறவரை உற்சாகப்படுத்தாது. அதை மறைத்துவைக்க எளிய வழி கொடுத்திருக்கலாம். பார்வையாளர்கள் எந்த நேரத்தில் யூடியூபில் இருக்கிறார்கள் என்று ஊதா நிறத்தில் காட்டும் வரைபடமும் தேவைக்கு மேல் மரியாதை பெற்றுவிட்டது. வெளியிடும் நேரம் ஒரு காணொளியின் நீண்டகாலப் பார்வையை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று அந்நிறுவனத்தின் உதவிப் பக்கமே சொல்கிறது. அப்படியிருக்க, மாலை ஆறா ஏழா என்று அந்தப் படத்தின் முன் உட்கார்ந்து யோசிப்பது வீண். நேரலை நடத்துகிறவருக்கு மட்டும் அது கொஞ்சம் உதவும்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால், இன்ஸ்டாகிராமிலும் தொழில்முறைக் கணக்கு வைத்திருப்போர் 75 நாட்கள் வரை முன்கூட்டியே தேதி குறிக்கலாம். ரீல்ஸ் மட்டும் போடுகிறவருக்கு அதுவே போதும். எல்லாத் தளங்களிலும் ஒரே சொடுக்கில் வெளியிடுவதாகச் சொல்லிச் சந்தா வாங்கும் செயலிகளும் இருக்கின்றன. நான் சோதித்த அப்படியொரு செயலியில் தமிழ் வரிகள் பாதியில் உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தன. புகாருக்குப் பதிலும் வரவில்லை. ஒன்றிரண்டு தளங்களில் மட்டும் இயங்கும் சிறு சேனலுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

ஷெட்யூல் செய்ய முடியாத ஒன்று, வரும் கருத்துகளுக்குப் பதில் சொல்வது. காணொளி தானாக வெளியாகிவிடும், ஆனால் “அவலுக்குப் பதிலாகப் பச்சரிசி போடலாமுங்களா?” என்ற கேள்வி கம்பெனியில் ஷிப்மென்ட் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் வரும். ஸ்டூடியோவில் இன்னொருவருக்கு அனுமதி கொடுத்து, கடவுச்சொல்லைப் பகிராமலே சேனலைக் கவனிக்கச் சொல்லலாம். எங்கள் சேனலில் அந்தப் பொறுப்பு தாராபுரத்தில் இருக்கும் சித்தி மகளிடம் இருக்கிறது. பச்சரிசி போடலாம், ஊறவைத்துப் போட வேண்டும் என்ற பதிலை என்னைவிட அவள்தான் சரியாகச் சொல்கிறாள்.