கருணை மனுவா, சீராய்வு மனுவா: குற்றமே ஐயத்துக்குரியதாக இருக்கும்போது

உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்த பிறகு, சிறையில் இருப்பவரைக் காப்பாற்ற நம் நாட்டில் இரண்டு திசைகளில்தான் வழி உண்டு. ஒன்று, அதே நீதிமன்றத்திடம் சீராய்வு மனுவோடும் அதுவும் தோற்றால் கடைசியாகப் போடும் கியூரேட்டிவ் மனுவோடும் திரும்பிச் செல்வது. மற்றொன்று, அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவின்படி ஆளுநரிடமும், 72-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரிடமும் கருணை கேட்பது. குற்றம் ஐயமற நிரூபணமான வழக்கில் எதை முன்வைப்பது என்பதில் பெரிய குழப்பம் வராது. அவர் செய்தாரா என்பதே கேள்வியாக நிற்கும் வழக்கில்தான் இரண்டும் இருவேறு விதமாகக் கைவிடுகின்றன. நீதிமன்றத்தால் ஒருவரை நிரபராதி என்று அறிவிக்க முடியும், ஆனால் தன் தீர்ப்பைத் தானே திறந்து பார்க்க அது எளிதில் முன்வராது. அரசால் உயிரைக் காப்பாற்ற முடியும், ஆனால் அவர் மீதிருக்கும் பழியை அதனால் துடைக்க முடியாது.

சீராய்வு மனுவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆவணத்தைப் பார்த்தாலே தெரியக்கூடிய பிழை இருந்தால் மட்டுமே தீர்ப்பு மாறும் என்பது இதன் அடிப்படை விதி. 2014 செப்டம்பர் வரை இந்த மனுக்கள் நீதிபதிகளின் அறைக்குள், வழக்கறிஞரின் வாதமே இல்லாமல் முடிக்கப்பட்டன. முகமது ஆரிஃப் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகுதான் மரண தண்டனை வழக்குகளின் சீராய்வைத் திறந்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கேட்கிறார்கள். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் காணலாம். 2003-இல் நடந்த ஒரு கொடூரக் குற்றத்துக்காக ஆறு பேருக்கு 2009-இல் உச்ச நீதிமன்றம் தூக்கு விதித்தது. அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் வழங்கியிருந்தது ஆயுள் தண்டனைதான், அதைத் தூக்காக உயர்த்தியதே உச்ச நீதிமன்றம். சீராய்வில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, வழக்கை மறுபடி கேட்ட அதே நீதிமன்றம், 2019 மார்ச்சில் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது. தாக்குதலில் உயிர் பிழைத்த சாட்சி, போலீஸ் காட்டிய ஆல்பத்தில் வேறு நான்கு பேரின் படங்களை அடையாளம் காட்டியிருந்தார் என்ற உண்மை இத்தனை ஆண்டுகளாக வழக்குக் கட்டுக்குள்ளேயே கிடந்தது. சீராய்வில் வெற்றி பெறுவதற்கு இப்படி ஏற்கெனவே ஆவணத்தில் இருக்கும் ஒரு தாள் வேண்டும். தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் கழித்து வெளிவரும் உண்மைக்கு அங்கே இடம் மிகக் குறைவு.

அந்த இடத்தில்தான் கருணை மனு வலுப்பெறுகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. குடியரசுத் தலைவர் சாட்சியங்களைத் தாமே ஆராய்ந்து, குற்றம் பற்றியும் தண்டனை பற்றியும் நீதிமன்றம் கண்ட முடிவிலிருந்து வேறுபட்ட முடிவுக்கு வரலாம் என்று இந்திரா காந்தி கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட கேஹர் சிங்கின் வழக்கில் 1988 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அதிகாரத்தைத் தெளிவாக்கிய கேஹர் சிங்கின் மனு மறுபடியும் நிராகரிக்கப்பட்டு, 1989 ஜனவரியில் அவர் தூக்கிலிடப்பட்டார் என்பது ஆறாத வேதனை. ஆனாலும் சட்டம் நிற்கிறது. நடைமுறையிலோ, சிறையிலிருந்து போகும் மனுக்கள் பெரும்பாலும் வயதான பெற்றோர், சிறு பிள்ளைகள், நன்னடத்தை என்ற மூன்றையும் சொல்லி, “மன்னித்தருள வேண்டுகிறேன்” என்று முடிந்துவிடுகின்றன. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பதா என்று கையெழுத்திடத் தயங்கும் கைதியின் தயக்கம் முழுக்க நியாயமானது. அதற்குத் தீர்வு மனுவையே தவிர்ப்பதாக இருக்கக் கூடாது. “இந்தச் சாட்சியத்தை இப்படிப் பாருங்கள்” என்று வாதாடும் மனுவாக அதை எழுத வேண்டும்.

ஆளுநரா, குடியரசுத் தலைவரா என்பது அடுத்த கேள்வி. இருவருமே அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்பதால், கேள்வி உண்மையில் மாநில அமைச்சரவையா, மத்திய அமைச்சரவையா என்பதுதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999-இல் ஆளுநர் தாமாகவே கருணை மனுக்களை நிராகரித்தபோது, அமைச்சரவையைக் கேட்காமல் எடுத்த முடிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன் பிறகே 2000-இல் அமைச்சரவையின் பரிந்துரையால் நளினியின் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. ஒரு மாநிலத்து மக்களின் குரல் கேட்கும் தூரத்தில் இருப்பது மாநில அமைச்சரவைதான் என்பதால், எனக்கு ஆளுநரின் வழியிலேயே கூடுதல் நம்பிக்கை. காலதாமதம் அங்கும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே வழக்கில் 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை செய்த விடுதலைப் பரிந்துரை ஆண்டுக்கணக்கில் முடிவின்றிக் கிடந்து, கடைசியில் 2022 மே 18 அன்று முழு நீதி வழங்கத் தனக்குள்ள சிறப்பு அதிகாரமான 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது.

பேரறிவாளனின் வழக்கை இங்கே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டின் மையம். அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே, அந்த பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன வாக்கியத்தைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம். சீராய்வு மனு 1999-லேயே தள்ளுபடியாகிவிட்டதால், அந்த வாக்கியத்தை எடுத்துச் செல்ல அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. 2014 பிப்ரவரியில் அவருடைய தூக்கு ரத்தானதும் கருணை மனு 11 ஆண்டுகள் கிடப்பில் இருந்த காரணத்தால்தான், ஐயத்தின் காரணத்தால் அன்று. உயிர் மிஞ்சியது, விடுதலையும் கிடைத்தது. குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் ஏட்டில் அப்படியே இருக்கிறது.

இரண்டு வழிகளையும் எதிரெதிராக நிறுத்துவது எவ்வளவு தவறு என்பதை உத்தரப் பிரதேசத்தில் சிறுவர் சிறுமியர் பலர் கொல்லப்பட்ட நிதாரி வழக்கு காட்டுகிறது. அதில் தண்டிக்கப்பட்டவரின் கருணை மனுவைக் குடியரசுத் தலைவர் நிராகரித்தார். 2014 செப்டம்பரில் தூக்குக்குச் சில மணி நேரம் முன்பு, நள்ளிரவில் தடை கிடைத்தது. அதே ஆண்டு சீராய்வு தள்ளுபடியானது. கருணை மனு மீதான தாமதத்தைச் சுட்டிக்காட்டி 2015 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தண்டனையை ஆயுளாக்கியது. பின்னர் அவர் மீதான மற்ற 12 வழக்குகளில் அதே வகைச் சாட்சியம் நம்பத்தகாதது என்று தள்ளப்பட்டு, 2025 நவம்பரில் எஞ்சியிருந்த ஒரு வழக்கிலும் கியூரேட்டிவ் மனு ஏற்கப்பட்டு அவர் விடுவிக்கப்பட்டார். மிக அரிதாகவே திறக்கும் அந்தக் கடைசிக் கதவு திறந்தபோது உள்ளே போக ஓர் ஆள் உயிரோடு இருந்ததற்குக் கருணை மனுவின் தாமதமே காரணம்.

ஆனால் அந்தத் தாமதத்தை இனி நம்பியிருக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-ஆம் பிரிவு, மேல்முறையீடோ சீராய்வோ தள்ளுபடியான செய்தியைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த 30 நாட்களுக்குள் கருணை மனு போட வேண்டும் என்கிறது. ஆளுநர் நிராகரித்தால் குடியரசுத் தலைவரிடம் போக 60 நாட்கள். குடியரசுத் தலைவர் அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது.

ஆகவே சீராய்வு நிலுவையில் இருக்கும்போதே ஆளுநருக்கான மனுவை எழுதி முடித்து வைத்திருப்பதுதான் இன்று செய்யக்கூடியது. முழு நிரபராதித்துவத்தை நிரூபிக்க முடியாத நிலையிலும், தீர்ப்புக்குப் பின் எஞ்சிநிற்கும் ஐயமே தூக்கைத் தவிர்க்கப் போதுமானது என்று 2019-இல் ரவிசங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதை அதன் முதல் பக்கத்திலேயே எழுதலாம். பெற்றோரின் வயதும் பிள்ளைகளின் படிப்பும் கடைசிப் பக்கத்தில் வரட்டும்.