ஹேண்டிகேம் கேசட்டைக் கணினியில் ஏற்ற: ஃபயர்வயரா, யுஎஸ்பி டாங்கிளா, டிவிடி ரெக்கார்டரா?

எந்த வழி நல்லது என்பது பெட்டியில் கிடக்கும் கேசட்டைப் பொறுத்தது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மினி-டிவி (MiniDV) கேசட் என்றால் யோசிக்கவே வேண்டாம், கேமராவை நேரே கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிள்தான். அந்த நாடாவில் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் பதிவாகியிருக்கிறது. கேபிள் அதை அப்படியே நகலெடுத்துக் கொடுக்கும். படம் பிடித்த தேதி, நேரம்கூடக் கோப்போடு வந்துவிடும். ஒரு மணி நேர கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும், சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். விண்டோஸில் வின்டிவி (WinDV) என்ற இலவச மென்பொருளே போதும்.

கணினியில்தான் சிக்கல். இன்றைய லேப்டாப்களில் ஃபயர்வயர் போர்ட்டே கிடையாது. மேசைக் கணினி என்றால் ஒரு கார்டு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மேக் வைத்திருந்தவர்கள் தண்டர்போல்ட் அடாப்டர்களைக் கோத்து ஒப்பேற்றிவந்தார்கள். 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ ஃபயர்வயரையே கைகழுவிவிட்டது. ஆகவே பழைய மேக்கைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு முனையில் ஃபயர்வயர், மறுமுனையில் யுஎஸ்பி என்று மலிவாக விற்கும் கேபிளை நம்பி ஏமாறவும் வேண்டாம்; அது வெறும் கம்பி. கேமராவிலேயே யுஎஸ்பி இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலான மாடல்களில் அது மெமரி கார்டில் உள்ள போட்டோக்களை எடுக்கத்தான்.

ஹை8, விஎச்எஸ்-சி கேசட்டுகள் அனலாக். இங்கேதான் அனலாக் படத்தை டிஜிட்டலாக்கிக் கணினிக்குள் அனுப்பும் யுஎஸ்பி டாங்கிளுக்கு வேலை. கேமராவிலிருந்து டாங்கிளுக்குப் படத்தைக் கொண்டுபோக மஞ்சள் கேபிளைவிட, நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் எஸ்-வீடியோ கேபிள் மேல். மஞ்சளில் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் சேலைக் கரையோரம் புள்ளிகள் ஊரும். மென்பொருளில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC) என்று நின்றால் பிஏஎல்லுக்கு (PAL) மாற்றுங்கள், நம்மூர் கேமராக்கள் பிஏஎல். மலிவு டாங்கிளின் உண்மையான தொல்லை வேறு: நாடா தேய்ந்திருந்தால் சில ஃபிரேம்கள் விழுந்துபோகும், அரை மணி நேரத்தில் நாதஸ்வரம் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். அதனால் ஹை8 வைத்திருப்பவர்களுக்கு என் தேர்வு, ஹை8 நாடாவையும் ஓட்டக்கூடிய டிஜிட்டல்8 கேமராவை இரவல் வாங்குவது. எல்லா மாடலும் ஓட்டாது, கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டினால் அனலாக் படத்தை அதுவே டிஜிட்டலாக்கி ஃபயர்வயர் வழியே அனுப்பிவிடும்.

டிவிடி ரெக்கார்டர் சோம்பேறிகளின் வழி, மறுக்கவில்லை. கேபிளைச் சொருகி பட்டனை அழுத்தினால் வட்டு தயார். ஆனால் 4.7 ஜிபி வட்டில் நல்ல தரத்தில் ஒரு மணி நேரம்தான் கொள்ளும். படமும் எம்பெக்-2வாகச் சுருங்கிவிடும். பிறகு வெட்டி ஒட்டினால் இன்னும் கெடும். பாட்டிக்குப் போட்டுக்காட்ட ஒரு பிரதி என்றால் சரி, மூலப் பிரதியாக வைத்துக்கொள்ள ஆகாது.

இதெல்லாம் வேண்டாம் என்று ஸ்டுடியோவில் கொடுப்பவர்கள் சொந்த ஹார்ட் டிஸ்க்கோடு போங்கள். மினி-டிவி என்றால் டிவிடியாகவோ எம்பி4 ஆகவோ மட்டும் வாங்காமல், நாடாவில் உள்ளபடியே, மேற்கொண்டு சுருக்காத ஏவிஐ (DV AVI) கோப்பாகக் கேளுங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படியே போட்டு ஓட்டினால் அது நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.