கடலை–தேங்காய் பை (pie, அடியில் மாவு பரப்பி மேலே பூரணம் வைத்து ஓவனில் சுடுவது): பச்சைத் துருவலா, உலர் துருவலா?

தருமபுரியிலிருந்து தங்கை போன் போட்டுக் கேட்டாள், எதைப் போடுவது என்று.

செலவு: தேங்காய் வீட்டிலேயே இருக்கும், உலர் துருவலைத் தனியாக வாங்கணும்.

வேலை: உலர் துருவல் என்றால் பாக்கெட்டைப் பிரித்தால் போதும். பச்சை என்றால் உடைத்து, துருவி, அப்புறம் ஈரம் போக வாணலியில் வறுக்கணும். ஒருமுறை சோம்பல்பட்டு வறுக்காமலே கொட்டினேன். 180 டிகிரியில் 40 நிமிடம் வைத்தும் அடிமாவு கேழ்வரகுக் களி மாதிரி விரலில் ஒட்டியது.

ருசி: பச்சைதான், பேச்சே இல்லை. வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் அதோடு சேரும் வாசனை பாக்கெட்டில் வராது.

கெடாமல் தாங்குவது: உலர் துருவல்.

சுட்ட அன்றே தட்டு காலியாகும் வீட்டுக்குப் பச்சை. ஓசூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்க உலர் துருவல். தங்கைக்கு அதைத்தான் சொன்னேன்.