பள்ளிக்கே வந்து விற்ற கண்ணாடியில் சிலிண்டர் பவர் இல்லை: பெற்றோர் கவனத்துக்கு

கடலூர் பக்கம் ஒரு பள்ளியில் கண் பரிசோதனை முகாம் என்று ஒரு கண்ணாடிக் கடைக்காரர்கள் வந்து, பவர் பார்த்து, முன்பணம் வாங்கி, பிறகு கண்ணாடியும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் சீட்டில் வலது கண்ணுக்கு ஸ்பியர் மைனஸ் 0.50, சிலிண்டர் மைனஸ் 2.00, ஆக்ஸிஸ் 180 என்று இருக்கிறது. ஸ்பியர் என்பது எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரியான பவர், சிலிண்டர் என்பது ஒரு திசைக்கு மட்டும் கூடுதலாக வேண்டிய பவர், ஆக்ஸிஸ் என்பது அந்தச் சிலிண்டரின் அச்சு நிற்க வேண்டிய கோணம். கண்ணாடியை லென்சோமீட்டரில், அதாவது லென்ஸின் பவரை அளக்கும் கருவியில், வைத்தால் வெறும் மைனஸ் 1.50 ஸ்பியர். சிலிண்டரே கிடையாது. இடது லென்ஸில் சிலிண்டர் உண்டு, ஆனால் 10 டிகிரியில் நிற்க வேண்டியது 25-இல் நிற்கிறது. தலை வலிக்கிறது, போர்டு தெரியவில்லை என்று பிள்ளை சொன்னதற்குக் கடையில் சொன்ன பதில்: "போட்டுப் போட்டுப் பழகிடும்மா."

அந்த 1.50 வந்த வழி இதுதான். சிலிண்டரில் பாதியை, அதாவது 1.00-ஐ, ஸ்பியரோடு கூட்டிவிட்டார்கள். 0.25, 0.50 போன்ற சின்ன சிலிண்டருக்கு இப்படிச் செய்வதுண்டு. 2.00-க்குச் செய்வது ஏமாற்று வேலை. சிலிண்டர் தேவைப்படும் பார்வைச் சிதறல் குறைபாட்டில் கருவிழியின் வளைவு ஒவ்வொரு திசையிலும் வேறு வேறு. இந்தக் கண்ணுக்கு மேல்கீழாக மைனஸ் 2.50 வேண்டும், பக்கவாட்டில் 0.50 போதும். எல்லாத் திசையிலும் 1.50 வைத்தால் ஒரு திசையில் 1.00 குறைகிறது, இன்னொரு திசையில் 1.00 கூடிப்போகிறது. ஸ்பியர் லென்ஸ் கடையில் தயாராக இருக்கும், விலை குறைவு, அச்சு குறித்து வெட்டும் வேலையும் இல்லை. இலாபம் அங்கேதான்.

அச்சு விலகுவதும் சின்ன விஷயமில்லை. 5 டிகிரி பிசகினால் சிலிண்டரின் பலனில் ஆறில் ஒரு பங்கு போகும். 10 டிகிரிக்கு மூன்றில் ஒரு பங்கு, 15-க்குப் பாதி. 30 டிகிரி திரும்பிவிட்டால் சிலிண்டர் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

"பழகிடும்" என்பதில் ஒரு உண்மையும் இருப்பதால்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். சரியான சிலிண்டர் கண்ணாடியிலும் முதல் சில நாள் தரை சாய்ந்த மாதிரி, படி உயர்ந்த மாதிரி தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்கு மேலும் பிள்ளை கண்ணாடியைக் கழற்றி வைத்தாலோ, தலையைச் சாய்த்துப் பார்த்தாலோ, பிழை பிள்ளையிடம் இல்லை. ஏழெட்டு வயதுக்குள் தெளிவான பிம்பம் கிடைக்காத கண் சோம்பல் கண்ணாகிவிடலாம். பின்னால் எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் அந்தப் பார்வை முழுசாக வருவது கஷ்டம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, லென்ஸ் வழியாகக் கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பாருங்கள். பிறகு ஸ்டியரிங் திருப்புகிற மாதிரி கண்ணாடியை மெல்லத் திருப்புங்கள். சிலிண்டர் இருந்தால் லென்ஸுக்குள் தெரியும் கோடு சாயும். ஸ்பியர் மட்டும் என்றால் அசையாது. எவ்வளவு பவர், எந்த ஆக்ஸிஸ் என்பதற்கு லென்சோமீட்டர்தான் வேண்டும். வேறொரு கடையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. ஒரு எச்சரிக்கை: மைனஸ் 0.50, மைனஸ் 2.00, 180 என்பதும் மைனஸ் 2.50, பிளஸ் 2.00, 90 என்பதும் ஒரே பவர்தான். எண் மாறியிருக்கிறதே என்று உடனே சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

சிலிண்டர் உள்ள பிள்ளைக்கு வட்ட ஃபிரேம் வாங்க வேண்டாம். திருகு தளர்ந்தால் லென்ஸ் உள்ளேயே சுழன்று அச்சு மாறிவிடும். நீள்சதுரமோ முட்டை வடிவமோ எடுங்கள். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், பந்து பட்டாலும் சுலபத்தில் உடையாது. நீல ஒளியைத் தடுக்கும் புளூ கட் பூச்சு கட்டாயம் என்று சொன்னால் அந்தக் காசு வீண்.

முகாம் மெஷின் கொடுத்த எண்ணை மட்டும் வைத்துக் கண்ணாடி போடவே கூடாது. பிள்ளைகள் உற்றுப் பார்க்கும்போது மைனஸ் கூடுதலாக விழும். அதனால்தான் கண்ணைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டுப் பார்ப்பது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை, தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை என்று பக்கத்திலேயே இடங்கள் இருக்கின்றன. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குச் சிலிண்டர் ஏறிக்கொண்டே போனால், கருவிழி கூம்பாகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சீட்டு, பில், வேறு கடையில் எடுத்த லென்சோமீட்டர் அளவு மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் கடையில் மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. பில்லில் "கண்ணாடி 1" என்று மட்டும் இருந்தால் வழக்கில் நிரூபிப்பது கஷ்டம். இரண்டு கண்ணின் பவரும், ஆக்ஸிஸும், லென்ஸ் வகையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், லென்ஸ் வந்த கவரையும் கேட்டு வாங்கி வையுங்கள்.