மட்டக்களப்பு வெக்கைக்குள் ஒரு பாரப் போர்வை: இரண்டு மாரி, மூன்று கச்சானுக்குப் பிறகு

மட்டக்களப்பின் கல்லடியில் போர்வை என்பது மாரியில் இரண்டு மூன்று மாதம் அலுமாரியை விட்டு வெளியே வருகிற சாமான். மற்ற நாளெல்லாம் ஒரு பழைய சேலையோ சாரமோ காலில் கிடந்தால் போதும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, தூக்கம் வர உதவும் என்று, உள்ளே மணி வைத்துத் தைத்த ஏழு கிலோவுக்குக் கிட்டப் பாரமுள்ள போர்வையைக் காசு கொடுத்து வாங்கினேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். கூரியர் பெடியன் பெட்டியை வாசலில் இறக்கியபோது அம்மா கேட்ட கேள்வி, "இதென்ன புள்ள, நெல்லு மூட்டையா வந்திருக்கு?"

அது 2023 பெப்ரவரி. இப்போது இரண்டு மாரியும் மூன்று கச்சான் காற்றுக் காலமும் போய்விட்டன. போர்வை இன்னும் என் கட்டிலில்தான் கிடக்கிறது, ஆனால் வந்த உருவத்தில் இல்லை.

தூக்கம் கெட்டது 2022இல். அந்த மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது. பேன் நின்ற அறையில் நுளம்பு வலைக்குள் முழித்துக் கிடந்து பழகிய உடம்பு, கரண்ட் ஒழுங்காக வந்த பிறகும் பழக்கத்தை விடவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். கேற் பூட்டினேனா, காஸ் மூடினேனா, அடுத்த மாதச் செலவுக்கு என்ன வழி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும். மாரியில் கடல் இரைச்சல் கூடினால் இன்னும் மோசம். 2004ஐக் கடற்கரையில் கண்ட எங்களுக்கு அந்தச் சத்தம் வெறும் சத்தமில்லை. அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

டொக்டரிடம் போனேன். பதகளிப்பு, அதாவது மனப்பதற்றம், என்றார். சில மாதம் குளிசை, அதோடு உளவளத்துணைக்கும் அனுப்பினார். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணீர் இல்லை, போன் கட்டிலுக்கு வரக் கூடாது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் போர்வை வந்து சேர்ந்தது. ஆகவே எனக்குக் கிடைத்த நன்மையில் எத்தனை பங்கு போர்வையினுடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல ஏலாது. போர்வை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டொக்டரிடம் போக வெட்கமாக இருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு முதலில் எடுத்துக் கதையுங்கள்.

வாங்குவதற்கு முன் கொஞ்சம் தேடிப் படித்தேன். உடம்பை ஒரே சீராக அழுத்தினால் மனம் தணியும் என்பது பழைய எண்ணம்தான். ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், மாடுகளை அசையாமல் நிறுத்தும் கூண்டைப் பார்த்துவிட்டு, இளம் வயதிலேயே தன்னை அணைத்து அழுத்தும் பெட்டியொன்றைத் தானே செய்துகொண்டார். போர்வைக்கென்றே செய்த ஆய்வுகளில் சுவீடனில் நடந்து 2020இல் வெளியானது கவனிக்கத்தக்கது. மனச்சோர்வு, பதகளிப்பு போன்றவற்றோடு தூக்கமின்மையும் உள்ள 120 பேரில் ஒரு பகுதியினருக்குச் சங்கிலி வைத்துத் தைத்த 8 கிலோ போர்வை, மற்றவர்களுக்கு 1.5 கிலோவில் இலேசான போர்வை. நாலு கிழமை முடிய, பாரப் போர்வைக்காரரில் பத்துக்கு ஆறு பேருக்குத் தூக்கமின்மை அளவு பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. மற்றக் குழுவில் அப்படி ஆனவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே கிடப்பது எட்டுக் கிலோவா ஒன்றரைக் கிலோவா என்று போர்த்தியவருக்குத் தெரியாமல் இருக்குமா? அதுபோக அது சுவீடன். அங்கே போர்வை வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் செய்து 2014இல் வந்த இன்னொரு ஆய்வில் தூக்கம் கூடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் போர்வை பிடித்துப்போயிற்று. இந்த இரண்டையும் வாசித்து முடித்தபோது எனக்குப் பட்டது, உதவினாலும் உதவும், சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்பது.

சோதிக்கக் காசு தேவையில்லை. அம்மா பகிடியாகச் சொன்னார்: "அஞ்சு கிலோ அரிசிப் பேக்கத் தூக்கிக் காலுல வெச்சுப் பாரன்." வைத்தேன். கடையில் வாங்கிய அரிசிப் பையை ஒரு துவாயில் சுற்றி, படுத்தபடி தொடையின் மேல். முதல் ஐந்து நிமிடம் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அப்புறம் கால் ஆட்டுவது நின்றது. எனக்குப் படுக்கும்போது பாதத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம். அது நின்றதை நானே சற்றுப் பிந்தித்தான் கவனித்தேன். நாலு இரவு அரிசியோடு படுத்த பிறகுதான் ஓடர் போட்டேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் நான் சொல்வது, முதலில் அரிசிப் பை, பிறகு பணம்.

பாரம் எவ்வளவு என்பதற்கு விற்பவர்கள் எல்லாரும் சொல்லும் கணக்கு, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. நான் 58 கிலோ, ஆகவே 6 கிலோவுக்குச் சற்றுக் குறைய. ஆனால் இவை இறாத்தல், அதாவது பவுண்ட், கணக்கில் வருகிறவை. 12 இறாத்தல் முடிந்துவிட்டது, 15 இருக்கிறது என்றார்கள். சரி, ஒரு கிலோ கூடினால் என்ன என்று எடுத்துவிட்டேன். 48 அங்குலம் அகலம், 72 அங்குலம் நீளம், 23,500 ரூபா. பாரத்தில் ஏமாற்றவில்லை. பக்கத்துக் கடைத் தராசில் உறை இல்லாமல் 6.8 கிலோ சரியாகக் காட்டியது. ஏமாற்றியது துணியில். பருத்தி உறை என்று போட்டிருந்தார்கள். வந்தது குழந்தைகளின் கரடிப் பொம்மைக்குப் போடுகிற மாதிரி மொசுமொசுவென்ற பொலியெஸ்டர். திருப்பி அனுப்பக் கேட்டால், பெட்டி உடைத்தாயிற்று, எடுக்க மாட்டோம் என்று பதில். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம்.

அந்த உறையோடு பெப்ரவரியில் சமாளித்தேன். சித்திரையில் முடியவில்லை. ஆனி ஆடியில் கச்சான் அடிக்கத் தொடங்கியதும் போர்வை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கச்சானைத் தெரியாதவர்களுக்கு: மேற்கிலிருந்து வருகிற காய்ந்த சூட்டுக் காற்று, அடுப்பு வாயைத் திறந்தது போல. பகல் முழுதும் அது சுவரைச் சுட வைத்தால் இரவு முழுதும் சுவர் எங்களைச் சுடும். நுளம்பு வலைக்குள் பேன் காற்று பாதிதான் வரும். அதற்குள் பொலியெஸ்டரைப் போர்த்தினால், பதகளிப்பு போய் வேர்க்குரு வரும். 23,500 ரூபாவைக் கட்டிலுக்கு அடியில் போட்டு மூன்று மாதம் தூசி பிடிக்க வைத்தேன். இதில் இருந்து நான் படித்தது, இந்தப் பக்கத்தில் போர்வை தேடுகிறவர் பாரத்தைப் பார்க்கும் முன் துணியைப் பார்க்க வேண்டும். கடைக்காரரின் அட்டவணையில் வெக்கைக்கு ஒரு நிரல் இல்லை.

உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்பதும் வெக்கையோடு சம்பந்தப்பட்டதுதான். பிளாஸ்டிக் மணி என்றால் அது இலேசு. அதே பாரத்துக்குக் கூடுதலாகக் கொட்ட வேண்டும், சரசரவென்ற சத்தத்தை அடக்கப் பஞ்சும் வைக்க வேண்டும், போர்வை தடிக்கும். கண்ணாடி மணி பிளாஸ்டிக்கைவிட இரண்டரை மடங்குக்குக் கிட்ட அடர்த்தி. ரவை போல் சின்னதாக இருக்கும், போர்வையும் மெல்லிசாக வரும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வந்தது நல்ல சாமான். நாலு அங்குலச் சதுரமாகத் தைத்திருந்தார்கள், குறுக்கே 12, நெடுக்கே 18, மொத்தம் 216 அறை. ஓர் அறைக்கு ஒன்றரை மேசைக்கரண்டி அளவு மணி. சதுரம் பெரிதாக இருந்தால் மணி எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, போர்த்தியவருக்கு இடுப்பில் பாரமும் காலில் வெறும் துணியும்தான் மிஞ்சும்.

மீட்டது காத்தான்குடியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு தையல்கார ராத்தா. புரட்டாதியில் போர்வையைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன். எனக்கு நெஞ்சுக்கு மேலே பாரம் வேண்டாம், இடுப்புக்குக் கீழே போதும், வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். தடவிப் பார்த்துவிட்டு, "இத வெட்டினா வீடெல்லாம் முத்து உருளுமேம்மா" என்றார். பிறகு அவரே வழி கண்டார். பதினோராவது வரிசை முடிகிற தையலுக்கு இரண்டு பக்கமும், மணியை அடிமட்டத்தால் தள்ளித் தள்ளிப் புதிதாக ஒவ்வொரு தையல் ஓட்டினார். அதன் பிறகு நடுத் தையலின் மேலேயே கத்தரி வைத்தார். வெட்டிய ஓரத்துக்கு நாடா வைத்து மடித்தார். இரண்டு ஊசி முறிந்தது. கண்ணாடியில் ஊசி படும்போது வருகிற அந்த "டிக்" சத்தத்துக்கு இருவரும் ஒன்றாகத் துள்ளினோம். கடைசியில் 4.2 கிலோவில் ஒரு துண்டு, 2.6 கிலோவில் ஒரு துண்டு.

உறைக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரம் இரண்டு. தறித்துணி தோயத் தோய இளகும், காற்றும் போகும். ராத்தா இரண்டையும் பிரித்து இணைத்து ஒரு பை மாதிரித் தைத்து, உள்ளே போர்வையைக் கட்ட எட்டு இடத்தில் நாடா வைத்தார். அந்த நாடாவை இளக்காரமாக எண்ண வேண்டாம். முதல் கிழமை நான் சோம்பலில் நாலை மட்டும் முடிந்துவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பினால் பாரம் முழுக்க உறையின் கால்மாட்டில் சுருண்டு, கட்டிலை விட்டுத் தொங்கி, நுளம்பு வலையையும் இழுத்துக்கொண்டு கிடந்தது. உள்ளே நுளம்புக் கூட்டம்.

தோய்க்கிற கதை தனி. எங்கள் வீட்டு மெஷின் ஏழு கிலோ என்று எழுதியிருக்கும், அது காய்ந்த உடுப்புக் கணக்கு. தண்ணீர் குடித்த போர்வையை அதில் போட எனக்குத் துணிவு வரவில்லை. தொட்டியில் அலசித் தூக்கிக் கொடியில் போட்டேன். கொடிக்கயிறு அறுந்து போர்வை கிணற்றுக் கட்டோரம் மண்ணில் விழுந்தது. இப்போது உறையை மட்டும் கிழமைக்கொரு தரம் தோய்க்கிறேன். உள்போர்வை வருடத்துக்கு இரண்டு முறை, வெயில் நிச்சயமான மாதத்தில், பன்பாயை முற்றத்தில் விரித்து அதன் மேல் படுக்கப் போட்டுக் காய வைப்பது. முதல் மாரியில் கார்த்திகை மழைக்குள் ஆசைப்பட்டுத் தோய்த்து, ஐந்து நாள் காயாமல் பூஞ்சணம் பிடித்த மணம் வந்தது. அந்த மணம் போகத் தை வெயில் தேவைப்பட்டது.

தூக்கம் எப்படி என்று கேட்பீர்கள். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். முன்பு படுத்துக் கண் மூட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இப்போது அநேகமான நாட்களில் அரை மணித்தியாலம். இரண்டு மணி விழிப்பு அடியோடு நிற்கவில்லை, கிழமைக்கு இரண்டு தடவையாவது வருகிறது. வித்தியாசம் என்னவென்றால், முன்பு எழும்பிக் கேற்றைப் பார்க்கப் போய்விடுவேன். இப்போது நாலு கிலோவைத் தள்ளிவிட்டு எழும்பப் பஞ்சியாக இருக்கிறது, படுத்தே கிடக்கிறேன், படுத்துக் கிடந்தால் எப்படியோ தூக்கம் வந்துவிடுகிறது. இது அழுத்தத்தின் வேலையா என் சோம்பலின் வேலையா என்று உளவளத்துணை செய்பவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். கரண்ட் போன இரவில் மட்டும் இதனால் ஒரு பயனும் இல்லை, சுருட்டி ஓரத்தில் வைத்துவிடுவேன்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. அம்மாவுக்கு ஆஸ்துமா. ஒரு நாள் சும்மா மேலே போட்டுப் பார்த்தவர் இரண்டு நிமிடத்தில் உதறிவிட்டார், அது சரியும்தான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள், பெரிய குறட்டைக்காரர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் பக்கமே வேண்டாம். மச்சாளின் மூன்று வயது மகன் வந்தால் இதற்குள் புகுந்து கூடாரம் அடிக்கப் பார்ப்பான். அவன் வரும் நாட்களில் போர்வை அலுமாரிக்குள், பூட்டோடு. கனடாவின் கியூபெக்கில் 2008இல் ஒன்பது வயது ஆட்டிசச் சிறுவன் ஒருவன் இப்படிப்பட்ட போர்வைக்குள் சுற்றப்பட்டு மூச்சடைத்து இறந்திருக்கிறான். போர்த்தியிருப்பவர் யாராக இருந்தாலும் தன் கையாலேயே எறிந்துவிட்டு எழும்ப முடிய வேண்டும்.

சென்ற மாதம் முதல் தடவையாக ஒரு தையல் விட்டது. இடது கால் மூலை. காலையில் எழும்பி நடந்தால் பாதத்தில் நறநறவென்றது. சீமேந்துத் தரையில் மணி, பாய்க்கடியில் மணி, விளக்குமாற்றுக்குள் மணி. கண்ணாடி என்பதால் கையால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். நாலு அறை காலி. ராத்தாவிடம் போக நேரம் கிடைக்கவில்லை, நானே கையால் இழையோட்டி மூடியிருக்கிறேன். பாரம் இல்லாத அந்த மூலை எப்போதும் பேன் பக்கம் இருக்கும்படி போர்த்துக்கொள்கிறேன். காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.